41-ஆம் எண்ணுக்கு ஒரு புதுப் பெயர்

ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகச் சேர்ந்த வவுச்சர், பில், ரசீது எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினியில் இருக்கின்றன. தேடி எடுக்க வசதியாக ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று குறிச்சொற்கள்: 'வாடகை', 'டீசல்', 'மருத்துவ செலவு', 'ஜிஎஸ்டி நிலுவை'. அங்கே வேலை பார்ப்பவர் ஏஐ ஏஜென்ட்டிடம் ஒரு வரி தட்டுகிறார்: "மருத்துவ செலவுன்னு இருக்கறதை எல்லாம் மருத்துவச் செலவுன்னு மாத்திடு." விட்டுப்போன ஒரு 'ச்' சேர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சில விநாடிகளில் பதில் வருகிறது: "மாற்றவில்லை. 'மருத்துவச் செலவு' என்று இன்னொரு குறிச்சொல் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக இணைக்கட்டுமா?"

சொன்னதைச் செய்யாமல் எதிர்க்கேள்வி கேட்கிறதே என்று அவருக்கு எரிச்சல் வரலாம். எனக்கு அந்தக் கேள்விதான் இந்த ஏற்பாடு முழுவதிலும் வியப்பானதாகப் படுகிறது. அது எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பெயர் கணினிக்குள் எங்கே எழுதியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுதிவைக்க இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு வவுச்சரின் பதிவிலும் 'மருத்துவ செலவு' என்ற சொல்லையே எழுதிவிடலாம். 3,000 வவுச்சர் இருந்தால் 3,000 இடத்தில் அந்தச் சொல் இருக்கும். பெயரை மாற்ற 3,000 இடத்தைத் தொட வேண்டும். இன்னொரு வழியில், குறிச்சொற்களுக்கென்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒரு வரி: 41, மருத்துவ செலவு. அதற்குப் பக்கத்தில் வேறொரு பட்டியல், அதில் வெறும் எண்கள் மட்டும்: வவுச்சர் 20615, குறிச்சொல் 41, வவுச்சர் 20618, குறிச்சொல் 41. வவுச்சரின் பதிவில் அந்தப் பெயர் எங்குமே கிடையாது. திரையில் காட்டும்போதுதான் நிரல் இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பார்த்து, 41 என்ற இடத்தில் பெயரைப் போட்டுக் காட்டுகிறது. ஆகவே பெயரை மாற்றுவது என்றால் ஒரே ஒரு கட்டத்தில் இருக்கும் எழுத்தை மாற்றுவது. 3,000 வவுச்சரில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. அத்தனையும் அந்தக் கணமே புதுப் பெயரோடு தெரியும். அரசிதழில் வெளியிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டவருக்கு ஆதார் எண் மாறாததைப் போல.

இப்படிப் பட்டியல்களாகப் பிரித்து, எண்களால் கோத்துவைக்கும் முறைக்கு அடித்தளம் போட்டவர் எட்கர் காட். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த அவர் 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பகுதி கிளைத்தது. ஆனால் பெயர் மாற்றத்தின் வலியை அவர் நேரடியாகத் தொட்டது 1979-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில். மனிதர்கள் கொடுக்கும் அடையாளம் எதுவானாலும் ஒருநாள் மாறித்தான் தீரும் என்றார். இரண்டு நிறுவனங்கள் ஒன்றானால் ஊழியர் எண்கள்கூட மாறிவிடும் என்பது அவர் காட்டிய உதாரணம். அதனால் கணினி தானே உருவாக்குகிற, மனிதர் கைபடாத, பொருள் எதுவும் இல்லாத ஓர் உள் அடையாளம் ஒவ்வொன்றுக்கும் வேண்டும் என்றார். பொருள் இல்லாததுதான் அதன் பலம். 41 என்பதற்கு அர்த்தம் இல்லாததால் அந்த அர்த்தம் பிழையாகப் போகவும் வழியில்லை.

இதே பிரிவினையை நூலகத்தில் இன்னும் கூர்மையாகக் கண்டவர் நம் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக வந்தவர். 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டவர். வகைப்படுத்தும் வேலை மூன்று தளங்களில் நடக்கிறது என்று பின்னாளில் அவர் வகுத்தார்: கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம். சொல் தளத்தில் ஒரே கருத்துக்குப் பல சொல் இருக்கும், ஒரே சொல்லுக்குப் பல கருத்து இருக்கும். அதைத் தடுக்க முடியாது. குறியீட்டுத் தளத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது, ஒரு கருத்துக்கு ஒரு குறி. ஆனால் மூன்றில் தலைமை கருத்துத் தளத்துக்குத்தான். குறியீடு அதற்கு வேலைக்காரன். கணினி வராத நூலகத்தை மனதில் வைத்துச் செய்த இந்தப் பகுப்பு, ஏஐ ஏஜென்ட் ஒன்று குறிச்சொல்லை மாற்றப் போகும்போது எந்தத் தளத்தில் என்ன நடக்கிறது என்பதை அப்படியே விளக்கிவிடுகிறது. இத்தனை எளிதான ஒரு கருவியை விட்டுச்சென்ற மனிதரை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பெயரும் அடையாளமும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மரபணுவியலில் ஒரு கதை உண்டு. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு 'மார்ச்1', 'செப்ட்1' என்று ஆங்கிலச் சுருக்கங்கள் இருந்தன. எக்செல்லில் அதைத் தட்டினால் மாதத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு அது தேதியாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருந்ததை 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மரபணுப் பெயர்களை முடிவு செய்யும் சர்வதேசக் குழுவே வளைந்து கொடுத்தது. 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மார்ச்1 'மார்ச்எஃப்1' ஆனது, செப்ட்1 'செப்டின்1' ஆனது. அந்தக் குழுவின் சொந்தப் பதிவேட்டில் இது பெரிய காரியமாக இருக்கவில்லை. ஒவ்வொரு மரபணுவுக்கும் மாறாத எண் ஒன்று அங்கே இருக்கிறது. பெயரை மாற்றி, பழையதை 'முந்தைய பெயர்' என்ற கட்டத்தில் எழுதிவைத்தார்கள். ஆனால் உலகெங்கும் எழுத்தாக அச்சாகிவிட்ட பெயர்களை அந்த எண்ணால் இழுத்து மாற்ற முடியாது. அவை பழைய பெயரோடும், சில இடங்களில் தேதியாகவும், அப்படியே கிடக்கின்றன.

இனி ஏஜென்ட்டுக்கு வருவோம். இதுவரை குறிச்சொல்லின் பெயரை மாற்றியவர் திரைமுன் உட்கார்ந்த மனிதர். அவர் பெயரின் மேல் மவுஸை அழுத்துவார், புதுப் பெயரைத் தட்டுவார். 41 என்ற எண்ணை அவர் பார்த்ததே இருக்காது. அழுத்திய இடம் எந்த எண்ணுக்குரியது என்பது திரைக்குத் தெரியும். ஏஜென்ட்டுக்கு அழுத்துவதற்குத் திரை இல்லை. அதன் உள்ளே இருக்கும் மொழி மாதிரிக்குத் தெரிந்தது சொற்கள் மட்டும். அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து உரையை உண்டாக்குவதுதான் அதன் தொழில். சொல் தளத்திலேயே வாழ்கிற ஒன்றை, எண்களால் மட்டுமே கோத்த ஒரு பதிவேட்டில் வேலை செய்யச் சொல்கிறோம். நடுவில் ஒரு வாசல் வேண்டும்.

அந்த வாசலைத்தான் 'டூல்' அல்லது கருவி என்கிறார்கள். மொழி மாதிரி தரவுத்தளத்தை ஒருபோதும் தொடுவதில்லை. அதற்கு ஒரு பட்டியல் மட்டும் கொடுக்கப்படுகிறது: என்னென்ன கருவிகள் உள்ளன, ஒவ்வொன்றும் என்ன செய்யும், அதைக் கூப்பிட என்னென்ன விவரம் தர வேண்டும். மாதிரி அந்த விவரங்களை ஒரு சின்னப் படிவம்போல எழுத்தில் நிரப்புகிறது. அதை எடுத்துச் சரிபார்த்து உண்மையில் வேலையைச் செய்வது வெளியே இருக்கிற சாதாரண நிரல். விடையும் எழுத்தாகவே மாதிரிக்குத் திரும்பி வருகிறது. ஏஜென்ட்டும் பதிவேடும் ஒன்றோடொன்று இப்படிப் பேசிக்கொள்வதற்குப் பொதுவான நெறிமுறை ஒன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. எம்சிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அதைப் பிறகு மற்ற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன.

அந்த ஆடிட்டர் அலுவலகத்துச் சில விநாடிகளை இப்போது மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். ஏஜென்ட் முதலில் தேடல் கருவியைக் கூப்பிடுகிறது: 'மருத்துவ செலவு' என்ற பெயர் எந்த எண்? விடை: 41. அடுத்து பெயர்மாற்றக் கருவி. படிவத்தில் மூன்று கட்டம்: எண் 41, இப்போதைய பெயர் 'மருத்துவ செலவு', புதுப் பெயர் 'மருத்துவச் செலவு'. எண் தெரிந்த பிறகு பழைய பெயர் எதற்கு என்று தோன்றலாம். அது ஒரு பூட்டு. ஏஜென்ட் தேடியதற்கும் மாற்றச் சொன்னதற்கும் இடையில் வேறொருவர் 41-இன் பெயரை மாற்றியிருந்தால் இரண்டும் பொருந்தாது, வேலை நிற்கும். மாதிரி 41-ஐ 14 என்று தவறாக எழுதிவிட்டாலும் அங்கேயே நின்றுவிடும். நல்ல கருவியைச் செய்கிறவர்கள் எண்ணையும் சொல்லையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

இந்த முறை பூட்டு திறந்தது. நின்றது அடுத்த இடத்தில். ஒரே பெயரில் இரண்டு குறிச்சொல் இருக்கக் கூடாது என்று தரவுத்தளத்திலேயே விதி இருக்கிறது, 57-ஆம் எண்ணில் அந்தப் பெயர் இருக்கிறது. பழைய காலமாக இருந்தால் நிரலாளருக்கு மட்டும் புரிகிற ஒரு பிழை எண் வந்து விழுந்திருக்கும். இப்போது பிழைச்செய்தியைப் படிக்கப் போவது ஒரு மொழி மாதிரி. ஆகவே கருவியை எழுதுகிறவர் அதை ஒரு முழு வாக்கியமாக, வழிகாட்டுதலாக எழுதுகிறார்: இந்தப் பெயர் 57-இல் உள்ளது, இணைப்பதானால் அதற்குத் தனிக் கருவி உண்டு, பயனரைக் கேட்காமல் இணைக்காதே. மாதிரி அதைப் படித்து, தமிழில் கேள்வியாக்கிக் கேட்டது. பிழைச்செய்தி எழுதுவது நிரலாக்கத்தில் யாரும் சீண்டாத மூலையாக இருந்தது. இன்று அது நல்ல உரைநடை தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிற மாற்றம்.

எம்சிபி நெறிமுறையில் ஒவ்வொரு கருவியின் மேலும் சில குறிப்புகளைச் சேர்க்கலாம்: இது படிக்க மட்டுமா? எதையாவது அழிக்கக்கூடியதா? இரண்டு முறை செய்தாலும் ஒருமுறை செய்ததற்குச் சமமா? கடைசியாகச் சொன்னது முக்கியம். இணைய இணைப்பு நடுவில் அறுந்தால், வேலை நடந்ததா இல்லையா என்று ஏஜென்ட்டுக்குத் தெரியாது, மறுபடி கேட்கும். '41-இன் பெயர் இதுவாக இருக்கட்டும்' என்ற கட்டளையை எத்தனை முறை சொன்னாலும் கேடில்லை. 'பெயருக்கு முன்னால் பழைய என்று சேர்' என்பதை இரண்டு முறை சொன்னால் 'பழைய பழைய' ஆகிவிடும். ஒரு கருவி தன்னைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால், அது அழிக்கக்கூடியது என்றே எடுத்துக்கொள்ளும்படி நெறிமுறை சொல்கிறது. சரியான பக்கத்துக்குச் சாய்ந்த முடிவு.

இவ்வளவு கட்டுக்காவல் எதற்கு, தரவுத்தளத்தையே ஏஜென்ட்டின் கையில் கொடுத்து 'தேடி மாற்று' என்று விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சொற்களையே எழுதிவைத்த பதிவேட்டில் 'வரி' என்பதைத் 'தீர்வை' என்று மாற்றச் சொல்லிப் பாருங்கள். 'வரிசை எண்' எல்லாம் 'தீர்வைசை எண்' ஆகிவிடும். சொல்லோடு சொல் புணர்ந்தும் உருபு ஒட்டியும் வருகிற தமிழில் எழுத்துக் கோவையைத் தேடி மாற்றுவது ஆங்கிலத்தில் செய்வதைவிட ஆபத்தானது. எதையும் செய்யக்கூடிய ஒரு கருவியைவிட ஒன்றை மட்டும் செய்யக்கூடிய கருவியே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. 'பொது' என்று ஒரு குறிச்சொல். யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த 'ொ' என்ற உயிர்க்குறியை 3018 என்று ஒரே எண்ணாகவும் எழுதலாம். 'ெ' என்ற 3014-ஐயும் 'ா' என்ற 3006-ஐயும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் மயிரிழை வேறுபாடும் தெரியாது. எண்ணுக்கு எண் ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். இதற்கு மருந்து உண்டு. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடே அறிவித்திருக்கிறது. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் முறையும் இருக்கிறது. நல்ல பதிவேடு அதைக் கேட்காமலே செய்துவிடும்.

மருந்து இல்லாதவையும் உண்டு. 'கௌரவ ஊதியம்' என்று எழுதும்போது 'ௌ' என்ற 3020-ஐத் தட்டாமல், 'ெ' போட்டு 'ள' தட்டுகிறவர்கள் நிறையப் பேர். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்; யூனிகோடைப் பொறுத்தவரை அது 'கெளரவ', வேறு சொல். 'ஸ்ரீரங்கம் கிளை' என்பதில் உள்ள 'ஸ்ரீ'யோ இன்னும் சுவையானது. 2005-இல் யூனிகோடில் 'ஶ' என்ற எழுத்து சேர்க்கப்படும் வரை அதை 'ஸ'வை வைத்துத்தான் எழுதினார்கள். பிறகு 'ஶ'வை வைத்து எழுதும் முறையும் வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் அதே சுழித்த வடிவத்தில்தான் தெரிகின்றன. பதிவேட்டில் ஸ்ரீரங்கம் கிளை இரண்டாகப் பிரிந்து கிடந்தாலும், பார்க்கிறவர் ஒரே பெயர் ஏன் இரண்டு முறை வருகிறது என்று விழிக்க வேண்டியதுதான்.

ஏஜென்ட்டாவது கண்டுபிடிக்குமா? மொழி மாதிரி எழுத்துகளை வடிவமாகப் பார்ப்பதில்லை. உரையைத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்து, எண்களின் வரிசையாகவே வாங்கிக்கொள்கிறது. அதனால் இரண்டு 'ஸ்ரீ'யும் அதற்குள் வேறு வேறாகவே நுழைகின்றன. ஆனால் அது கற்ற உரைகளில் இரண்டும் ஒரே சூழலில் வந்திருப்பதால், இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று உணரவும் அதனால் முடியும். பழைய நிரல் 'வேறு' என்பதோடு நின்றுவிடும், மனிதக் கண் 'ஒன்று' என்பதோடு நின்றுவிடும். வேறாக இருக்கிறது, ஆனாலும் ஒன்றுதான் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடிய இடத்தில் மொழி மாதிரி நிற்கிறது. அதே நேரம், பெயரைத் திருப்பி எழுதும்போது ஒரு 'ஶ'வை 'ஸ'வாக அது மாற்றி எழுதிவிடலாம். அந்தப் படிவத்தில் எண்ணும் கூடவே போவது இதற்காகவும்தான்.

"இணைக்கட்டுமா?" என்ற கேள்விக்கு 'ஆம்' என்றால் என்ன நடக்கும்? 41 என்று எழுதியிருக்கிற வரிகளையெல்லாம் 57 என்று மாற்ற வேண்டும். சில வவுச்சரில் 41-உம் 57-உம் இரண்டுமே இருக்கும். அங்கே இரட்டிப்பாகாமல் ஒன்றை நீக்க வேண்டும். கடைசியில் 41-ஐப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பாதி 41, பாதி 57 என்று நிற்கக் கூடாது. அதற்காகத் தரவுத்தளம் என்ன செய்யப் போகிறது என்பதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டுத்தான் கைவைக்கும். எழுந்ததும் குறிப்பைப் பார்த்து முழுதாக முடிக்கும், அல்லது முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பும். பாதி என்ற நிலையே வெளியே தெரியாது.

ஆனால் முடிந்த இணைப்பைப் பின்னோக்கிப் பிரிக்க முடியாது. பெயர் மாற்றம் திரும்பக்கூடியது. மறுபடி பழைய பெயரை எழுதினால் போதும். இணைத்த பிறகு எந்த வவுச்சர் முன்பு 41, எது 57 என்ற செய்தி பதிவேட்டில் எங்குமே மிஞ்சாது, யாராவது தனியாக எழுதிவைத்திருந்தால் ஒழிய. ஒருவேளை 57 என்பது ஊழியர்களின் மருத்துவச் செலவு, 41 என்பது வாடிக்கையாளர் தந்த மருத்துவ பில்கள் என்று யாரோ ஒருவர் மனதிலே பிரித்து வைத்திருந்தால்? ஒரு 'ச்' மட்டுமே காத்துவந்த வேறுபாடு அன்றோடு போய்விடும். ஏஜென்ட் கேட்காமல் செய்யக் கூடாது என்பது இதனால்தான். பெயர் ஒன்றா என்பது சொல் தளத்துக் கேள்வி. பொருள் ஒன்றா என்பது கருத்துத் தளத்துக் கேள்வி. இரண்டாவதற்கு விடை பதிவேட்டுக்குள் இருப்பதில்லை.

இணைப்பதைவிடக் கடினம் பிரிப்பது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1898 முதல் பொருள் தலைப்புகளின் பட்டியல் ஒன்றை வளர்த்துவருகிறது. உலகின் பல நூலகங்கள் அதைப் பின்பற்றுகின்றன. அட்டைக் காலத்தில் ஒரு தலைப்பை மாற்றுவதென்றால் அதன் கீழுள்ள அட்டைகளையெல்லாம் உருவி, திருத்தி, வேறு இடத்தில் செருக வேண்டும். அதனால் பழைய தலைப்புகள் நீண்ட நாள் உயிரோடு இருந்தன. சமையல் நூல்களுக்கான 'குக்கரி' என்ற பழம் ஆங்கிலத் தலைப்பு 'குக்கிங்' ஆனது 2010-இல்தான். அந்தப் பட்டியலில் 'சட்டவிரோத அந்நியர்' என்ற பொருளில் ஒரு தலைப்பு இருந்தது. அது மனிதரை இழிவுபடுத்துகிறது என்று டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 2014-இல் மனுக் கொடுத்தார்கள். மாற்றுவதாக நூலகம் 2016-இல் அறிவித்தபோது நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையிலிருந்து எதிர்ப்பு வந்தது. 2021 நவம்பரில் மாற்றம் வந்தேவிட்டது. ஆனால் ஒன்றின் இடத்தில் இரண்டு தலைப்புகள்: 'குடிமக்கள் அல்லாதோர்' என்று ஒன்று, 'சட்டவிரோதக் குடியேற்றம்' என்று இன்னொன்று.

இங்கே ஒரு கட்டத்தில் பெயரை மாற்றி முடிக்க வழியில்லை. பழைய தலைப்பின் கீழிருந்த ஒவ்வொரு நூலும் மனிதர்களைப் பற்றியதா, குடியேற்றம் என்ற நிகழ்வைப் பற்றியதா என்று பார்க்க வேண்டும். பட்டியலாளர் நூலைத் திறந்து, பொருளடக்கம் பார்த்து, முன்னுரையைப் படித்து முடிவு செய்யும் வேலை இது. மொழி மாதிரியின் உண்மையான பயன் இங்கேதான் என்று நினைக்கிறேன். ஆயிரக்கணக்கான பதிவுகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் சலிக்காமல் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிந்துரையும் ஒற்றை வரிக் காரணமும் எழுதிவைக்க அதனால் முடியும். பழைய எண்ணை உடனே எடுக்காமல் விட்டுவைத்து, புது எண்ணைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போகலாம். உறுதியில்லாதவற்றை ஏஜென்ட் தனிக் குறிச்சொல்லின் கீழ் ஒதுக்கும்; பட்டியலாளர் அவற்றை முழுதாகவும் மற்றவற்றில் சிலவற்றை எடுத்தும் சரிபார்ப்பார். 'இரண்டும்தான்' என்று விடை வருகிற நூல்களுக்கு, எண்ணும் எண்ணும் மட்டுமே உள்ள அந்தப் பட்டியலில் இரண்டு வரி எழுதிக்கொள்ள எப்போதும் இடம் உண்டு.